வெள்ளை இண்டிகேட்டர்

சமையல்கட்டுக் கதவத் தொறந்ததும் குமட்டிக்கிட்டு வந்துச்சு. ரப்பர் எரியுற வாடையையும் பிளாஸ்டிக் உருகுற வாடையையும் ஒண்ணாப் போட்டு வேக வச்ச மாதிரி ஒரு நாத்தம். நாள் முழுக்க தையல் மிஷின் முன்னாடி உக்காந்து, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து, பசியோட வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா இந்த வரவேற்பு. என் ஓவன் சூடாகிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள, நான் வாராவாரம் இனிப்பு ரொட்டி சுடுற தட்டுல, எங்க காரோட ஹெட்லைட் ஒண்ணு படுத்திருக்கு. இன்னொண்ணு சாப்பாட்டு மேசையில, ரொட்டிக் கூடைக்குப் பக்கத்துல.

என் புருஷன் நொர்பெர்ட்டோ ஓவன் முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து கண்ணாடி வழியா உள்ள பாத்துக்கிட்டிருந்தான். எங்க பொண்ணு பொறந்தப்பகூட ஆஸ்பத்திரியில இந்த மனுஷன் இவ்வளவு பொறுமையா உக்காந்து நான் பாக்கல.

"என்னய்யா இது?"

"கதவ மூடு ஒடீ. ஜில்லுனு காத்து வருது." என்னை அவன் ஒடீன்னுதான் கூப்பிடுவான்.

"என்னய்யா இதுன்னு கேட்டேன்."

"இருநூத்தி இருவது டிகிரி, பன்னெண்டு நிமிஷம். பசை எளகிடும். அப்புறம் முன்கண்ணாடிய அப்படியே உரிச்சு எடுத்துடலாம். ஒரு நிமிஷம் கூடினா சுருண்டு போயிடும், அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"அதுலதான்யா நாம திங்கற ரொட்டியச் சுடறேன்."

"கீழ அலுமினியத் தாள் போட்டிருக்கேன்ல."

தாள் போட்டிருக்கானாம். கருமம். தாளச் சுத்திக் கறுப்பா, பிசுபிசுன்னு பசை வழிஞ்சு, தட்டோட ஓரத்துல நூலு நூலாத் தொங்குது. மூக்கப் பொத்திக்கிட்டு கூடத்துக்குப் போனா, அங்க சோஃபா மேல காரோட பம்பர் ஒய்யாரமாக் கெடக்கு. என் அம்மா பின்னிக் குடுத்த விரிப்பு அதுக்குக் கீழ. நான் என் வீட்டுல உக்கார எடமில்லாம மாடிப்படியில உக்காந்து ஷூவக் கழட்டினேன்.

எதுக்கு இவ்வளவும்? சொல்றேன். அந்த ஹெட்லைட்டு மூலையில, இண்டிகேட்டர் பல்பு இருக்கற எடத்துல, ஒரு ஆரஞ்சு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். வண்டி செஞ்சவன் வச்சது. அது இவன் கண்ண உறுத்துதாம். அத எடுத்துட்டா லைட்டு முழுக்க தண்ணி மாதிரி தெளிவா இருக்குமாம். அமெரிக்காவுல எங்க ஊரு இந்த ஃபால் ரிவர்ல இவன மாதிரி ஒரு பதினஞ்சு பேர் இருக்கானுங்க. எல்லாம் அம்பது தாண்டின ஆளுங்க. குளிர் முடிஞ்சதும் ஞாயித்துக்கிழம சர்ச்சுல பூசை முடிச்சுட்டு, ஆத்தோரப் பாலத்துக்குக் கீழ வண்டிய வரிசையா நிறுத்தி, தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு, ஒருத்தன் வண்டிய ஒருத்தன் குனிஞ்சு குனிஞ்சு பாப்பானுங்க. அந்த வருஷத்து மொதக் கூட்டம் வர்ற ஞாயிறு. லைட்டுக்குன்னு தனியா ஒரு கோப்பை குடுக்கறாங்களாம்.

அதே வாரம் வெள்ளிக்கிழம காலையில எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். அதே வண்டியில.

நான் பத்தொம்பது வருஷமா பெட்ஷீட்டு தைக்கற ஃபேக்டரியில இருக்கேன். அத இப்ப பக்கத்து ஊரு டான்டனுக்கு மாத்தறாங்க. எங்க வீட்டுலேர்ந்து இருபத்தஞ்சு நிமிஷம், ஆனா கார்ல. விடிகாலையில அந்தப் பக்கம் ஒரு பஸ் கெடையாது. எங்க சூப்பர்வைசர் மவ்ரீன் எல்லாரையும் நிக்க வச்சுச் சொல்லிட்டா: திங்கக்கிழம காலையில அஞ்சு மணிக்கு யாரு மிஷின் முன்னாடி உக்காந்திருக்காங்களோ அவங்களுக்கு வேலை, வராதவங்களுக்குக் கை குலுக்கி அனுப்பிடுவோம்னு. எனக்கு வயசு அம்பத்தொண்ணு. தையல் தவிர எனக்கு ஒரு வேலையும் தெரியாது, தெரிஞ்சாலும் இந்த வயசுல யாரு கூப்பிட்டு வேலை குடுப்பாங்க.

நொர்பெர்ட்டோ பள்ளிக்கூடத்துல பராமரிப்பு வேலை பாக்கறான். வீட்டுலேர்ந்து நடந்து போற தூரம். சேதி வந்த அன்னைக்கே கேட்டேன்.

"தினம் காலையில என்னைக் கொண்டுபோய் விடுவியா?"

"நாலு மணிக்கா? எனக்கு அப்பத்தான் தூக்கமே புடிக்கும் ஒடீ. நீயே ஓட்டக் கத்துக்கோயேன்."

கத்துக்கிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமா ஸ்டியரிங் பக்கமே போகாதவ, பயிற்சிப் பள்ளியில ஆறு வகுப்பு போனேன். மீதிய இவனே கல்லறைத் தோட்டத்துச் சாலையில சொல்லிக் குடுத்தான். "இங்க நீ யாரையும் புதுசாக் கொல்ல முடியாது"ன்னு சிரிப்பான். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தான், பொய் சொல்லக் கூடாது. அதனாலதான் இந்த விஷயம் எனக்கு இவ்வளவு அருவருப்பா இருக்கு. ஒண்ணுக்கும் ஆகாதவன்னா எப்பவோ கைகழுவியிருப்பேன்.

புதன்கிழமையிலேர்ந்து மிஷின்கள டான்டனுக்கு ஏத்தறாங்க, எங்களுக்கு வேலை இல்ல. அன்னைக்கு முழுக்க ஓவனத் தேச்சேன். வினிகர், சோடா மாவு, எலுமிச்சம்பழம், ஒண்ணும் விட்டு வைக்கல. சாயங்காலம் சோதிச்சுப் பாக்க ஒரே ஒரு ரொட்டி சுட்டேன். மேல பொன்னிறமா அழகாத்தான் வந்துச்சு. பிட்டு வாயில வச்சேன். தூ. நடுவுல வரைக்கும் அந்தப் பசை வாடை. ஆறு முட்டையும் கால் கிலோ வெண்ணெயும் போட்ட ரொட்டி, அப்படியே குப்பையில போட்டேன். நொர்பெர்ட்டோ அதுக்கும் ஒண்ணு சொன்னான்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். செஃபரீனோ வீட்டுலயும் ஒரு மாசத்துல போயிடுச்சாம்."

செஃபரீனோ இவனுக்குக் குரு. மெக்கானிக். அவன் பொண்டாட்டி பிரிஞ்சு போயி மூணு வருஷமாகுது. அந்த ஓவன்ல சுட்டுச் சாப்பிட ஆளில்ல, அதுல நாத்தம் போச்சா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழம ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி லைட்டும் பம்பரும் வண்டியில ஏறிடுச்சு. என்னைக் கையப் புடிச்சு வாசலுக்கு இழுத்துட்டுப் போயி காட்டினான். பாத்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. முன்னாடி ஆரஞ்சு இருந்த எடத்துல இப்ப ஒண்ணுமில்ல, அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?"

"நாளைக்கு டெஸ்ட்டு. எல்லாம் வேலை செய்யுதா?"

"வேலை செய்யுதாவா? தெருவே திரும்பிப் பாக்கும்."

"தெரு பாக்க வேணாம். டெஸ்ட் எடுக்கறவங்க பாத்தாப் போதும். இண்டிகேட்டர், பிரேக் லைட்டு, ஹார்ன், எல்லாம் சரியா இருக்கணும். பள்ளியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"எல்லாம் எரியுது. நீ நிம்மதியாத் தூங்கு."

எரியுதுன்னான். அது பொய்யில்ல. எரிஞ்சுது.

வெள்ளிக்கிழம ஒம்பதே காலுக்கு டெஸ்ட் மைதானத்துக்குப் போயிட்டோம். எங்க மாநிலத்துல டெஸ்ட்டுக்குச் சொந்த வண்டியக் கொண்டு போகணும், லைசென்ஸ் உள்ள ஒருத்தர் பின்சீட்டுல உக்காந்து வரணும். அதனால நொர்பெர்ட்டோ பின்னாடி, நான் முன்னாடி. பூசைக்குப் போடுற நீலச் சட்டையப் போட்டிருந்தேன். அந்தோணியார் படத்த உள்ளங்கையில வச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

டெஸ்ட் எடுக்கற அம்மா வந்தாங்க. ஒல்லியான உடம்பு, கழுத்துல கயித்துல தொங்குற மூக்குக்கண்ணாடி, கையில அட்டை. சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல.

"ஹார்ன் அடிங்க. சரி. பிரேக் மிதிங்க. சரி. இடது இண்டிகேட்டர் போடுங்க."

போட்டேன். வண்டிக்கு முன்னாடி நின்னவங்க மூக்குக்கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாங்க. குனிஞ்சு பாத்தாங்க.

"வலது."

அதையும் போட்டேன். அவங்க என் ஜன்னல் பக்கம் வந்தாங்க.

"இது வெள்ளையா எரியுதே."

எனக்கு ஒண்ணும் புரியல. பின்சீட்டுலேர்ந்து இந்த மனுஷன் தலைய நீட்டிக்கிட்டு, "வைரம் மாதிரி இருக்குல்ல மேடம்? நானே செஞ்சது"ங்கறான்.

அந்தம்மா அவனப் பாக்கவே இல்ல. என்கிட்டத்தான் சொன்னாங்க. "முன்பக்க இண்டிகேட்டர் ஆரஞ்சாத்தான் எரியணும். பகல் வெளிச்சத்துல வெள்ளைக்கு வெள்ளை எதிர்ல வர்றவனுக்குத் தெரியாது. இந்த வண்டியில என்னால டெஸ்ட் எடுக்க முடியாதும்மா."

"திங்கக்கிழம நான் வேலைக்குப் போகணும்"னேன். இதச் சொல்லி என்ன பிரயோஜனம்னு தெரிஞ்சும் சொன்னேன். அவங்க கடிகாரத்தப் பாத்தாங்க.

"அடுத்த ஆளு ஒம்பதே முக்காலுக்குத்தான். பத்து நிமிஷம் தரேன். ஆரஞ்சு பல்பு கையில வச்சிருக்கீங்களா? லைட்டுக்குப் பின்னாடி கைய விட்டு மாத்திடலாம். மாத்தினா நான் எடுக்கறேன்."

நான் நொர்பெர்ட்டோவத் திரும்பிப் பாத்தேன். அவனும் என்னைப் பாத்தான். அப்புறம் அந்தம்மாவப் பாத்துத் தலைய ஆட்டினான்.

"இல்ல மேடம். இப்ப கையில இல்ல."

"பக்கத்துல கடை ஏதாவது?" நான் கேட்டேன்.

"பத்து நிமிஷத்துல போயிட்டு வர்ற தூரத்துல இல்லம்மா. சாரி." அட்டையில ஏதோ எழுதி, தாளக் கிழிச்சு என் கையில குடுத்தாங்க. வண்டி தகுதியில்ல, டெஸ்ட் நடக்கலன்னு எழுதியிருந்துச்சு. "மறுபடி தேதி எடுத்துக்கோங்க. இப்ப ஆறு வாரம் ஆகுது."

போயிட்டாங்க. நான் அங்கேயே உக்காந்திருந்தேன். அழுகைகூட வரல. வண்டி நல்லா ஓட்டத் தெரியும் எனக்கு. இடுக்கான எடத்துல ரிவர்ஸ்ல நிறுத்தத் தெரியும், மேட்டுல நிறுத்தி எடுக்கத் தெரியும். ஓட்டித் தோத்திருந்தா அது என் தோல்வி, ஏத்துக்கிட்டிருப்பேன். சக்கரம் ஒரு அங்குலம்கூட உருளலியே. நொர்பெர்ட்டோ எறங்கிப் போயி வண்டி முன்னாடி நின்னு, அந்தம்மா குனிஞ்சு பாத்த எடத்துல விரல் ரேகை கிகை பட்டிருக்கான்னு சட்டைக் கையால தொடச்சுக்கிட்டிருந்தான்.

வண்டிப் பேப்பரத் திருப்பி வைக்க டேஷ்போர்டுப் பெட்டியத் தொறந்தேன். பேப்பருக்குக் கீழ ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலம். பிரிக்கவே இல்ல. உள்ள ரெண்டு பல்பு. ரெண்டும் ஆரஞ்சு.

எவ்வளவு நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன்னு தெரியல. மொதல்ல நம்பல. வேற எதுக்காவது வச்சிருப்பான்னு நெனச்சேன். பொட்டலத்த எடுத்துக்கிட்டு எறங்கினேன்.

"இது என்னது?"

அவன் பொட்டலத்தப் பாத்தான். அப்புறம் லைட்டப் பாத்தான். என் மூஞ்சியப் பாக்கல.

"அதுவா. செஃபரீனோ குடுத்தது."

"எதுக்கு குடுத்தான்?"

"இண்டிகேட்டருக்குத்தான். ஆனா அதப் போட்டா முட்ட மாதிரி தெரியும் ஒடீ."

"என்ன முட்ட?"

"பொரிச்ச முட்ட. தெளிவான கண்ணாடிக்குள்ள ஆரஞ்சு பல்பு இருந்தா, அணைஞ்சிருக்கும்போது நடுவுல மஞ்சக்கரு மாதிரி நிக்கும். கூட்டத்துல சிரிப்பானுங்க. மூணு நாள் பாடுபட்டு ஆரஞ்ச எடுத்துட்டு, திரும்ப உள்ள ஆரஞ்ச வச்சா என்ன அர்த்தம்?"

"நான் அதக் கேக்கல. அந்தம்மா பத்து நிமிஷம் தரேன்னாங்க. பல்பு இருக்கான்னு கேட்டாங்க. நீ இல்லன்னு சொன்ன."

"பின்னாடி பசை போட்டு அடைச்சிருக்கேன், ஈரம் போகாம. இப்ப பிரிச்சா உள்ள ஆவி புடிச்சுடும். ஞாயித்துக்கிழமைக்குள்ள காயாது. அப்புறம் பனி மூடின மாதிரி இருக்கும்." இதெல்லாம் எனக்குப் பாடம் நடத்துற மாதிரி பொறுமையாச் சொல்றான். "அவங்க கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நல்ல வெயிலு வேற."

நெசமாத்தான் சொல்றேன், வாயில புளிச்ச தண்ணி ஊறுச்சு. புருஷன் குடிகாரன்னா சொல்லி அழலாம். இன்னொருத்தியோட போனான்னா தெருவக் கூட்டிச் சண்டை போடலாம். முட்ட மாதிரி தெரியும்னு என் சோத்துல மண்ணப் போட்டவன யார்கிட்ட போயிச் சொல்றது?

பொட்டலத்தத் தூக்கிக்கிட்டு ஓடினேன். இந்த வயசுல, குதிகால் ஷூ போட்டுக்கிட்டு, அந்த மைதானம் முழுக்க ஓடினேன். அந்தம்மா அடுத்த வண்டியில ஏறி உக்காந்துட்டாங்க. யாரோ பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஓட்டறா. வண்டி கெளம்பிடுச்சு. அவங்க ஜன்னல் வழியா என் கையில இருந்த பொட்டலத்தப் பாத்தாங்க. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. நான் பொய் சொன்னேன்னு நெனச்சிருப்பாங்க.

திரும்பி வரும்போது அவன்தான் ஓட்டினான். கடைத்தெரு வழியா வந்தான். தேவையில்லாத சந்துலயெல்லாம் திருப்பினான். எதுக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டரப் போட்டுட்டு, கடைக் கண்ணாடியில தன்னோட லைட்டு எரியறதப் பாத்துக்கிட்டே வர்றான். ஒரு தடவ உதட்டோரம் சிரிப்பு வேற. சீ, இவன் பக்கத்துல தோள் உரச உக்காந்திருக்கோமேன்னு கதவோரமா ஒதுங்கி உக்காந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டீ போட்டுக் குடுத்தான். குடுத்துட்டு சமாதானம் பேசறான்.

"ஆறு வாரம்தானே. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும். அதுவரைக்கும் மவ்ரீன்கிட்ட லீவு கேளேன்."

"திங்கக்கிழம வராதவங்களுக்கு வேலை இல்லன்னு உங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சரி, ஒரு வாரம் நான் கொண்டுபோய் விடறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் எதாவது வழி பொறக்கும்."

அந்த டீய நான் குடிக்கல. மாடிக்குப் போயி லியோனோருக்கு ஃபோன் போட்டேன். லியோனோர் எனக்கு அடுத்த மிஷின்ல தைக்கறவ. ஊரு டான்டன். இத்தன வருஷமா அவ தினம் எங்க ஊருக்கு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா, இப்ப ஃபேக்டரியே அவ வீட்டத் தேடிப் போயிடுச்சு. புருஷன் செத்துட்டான், பையன் ராணுவத்துல இருக்கான். நடந்ததயெல்லாம் சொன்னேன். முட்ட கதையச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

"இருக்கியாடி?" நான் கேட்டேன்.

"இருக்கேன். சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். மன்னிச்சுக்கோ. அவன் தலையில அந்த முட்டைய ஒடைக்கலியா நீ?"

"திங்கக்கிழம நான் எப்படி வர்றதுன்னு சொல்லு."

"நீ எதுக்கு வரணும்? இங்கேயே இரு. என் பையன் ரூம் காலியாத்தான் கெடக்கு. ஃபேக்டரிக்கு நடந்தா எட்டு நிமிஷம். ஆனா எனக்குக் கொறட்டை உண்டு, சொல்லிட்டேன்."

"எத்தன நாளைக்கு?"

"அத என்கிட்ட கேட்டா? உன் புருஷன், உன் வீடு. நீதான் சொல்லணும்."

ஆறு வாரம்னு சொல்ல வந்தேன், வாயில வரல.

சனிக்கிழம துணி மடிச்சேன். நொர்பெர்ட்டோ வாசல்ல வண்டியக் கழுவிக்கிட்டிருந்தான். ஒரு தடவ மேல வந்து பெட்டியப் பாத்தான். "பொண்ணு வீட்டுக்கா?"ன்னு கேட்டான். "இல்ல"ன்னேன். மேல ஒண்ணும் கேக்காம, லைட்டுத் தொடைக்க மெல்லிசாத் துணி எங்க இருக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். நான்தான் எடுத்துக் குடுத்தேன், அந்தக் கோவம் எனக்கு என் மேலேயே இன்னும் இருக்கு.

ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்து கீரையும் சூரிசோங்கற பன்னிக்கறி சாசேஜும் போட்டு ஒரு பெரிய பானை சூப் வச்சேன். அடுப்பு மேல வச்சேன், ஓவனத் தொடல. மூணு மணி இருக்கும், ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்தான். வாசப்படியில தாவி ஏறினான். கையில ஒரு கோப்பை. பிளாஸ்டிக்குத்தான், மேல தங்கக் கலரு. சிறந்த விளக்கு, ரெண்டாம் பரிசுன்னு எழுதியிருக்கு.

சூப் பானைக்குப் பக்கத்துல அதக் கொண்டாந்து வச்சான். வச்சுட்டு என்னைப் பாத்தான். அந்தப் பார்வை இருக்கே, அதத்தான் என்னால மறக்க முடியல. நான் கை தட்டுவேன்னு நெஜமாவே எதிர்பாத்து நின்னான்.

"மொதப் பரிசு ஒரே ஒரு ஓட்டுல போச்சு ஒடீ. பெத்ரோன்னு ஒருத்தன் ஆரஞ்சு பல்பு போட்டிருந்தான், அவன் வண்டிய எல்லாரும் முட்டன்னு கிண்டல் பண்ணாங்க தெரியுமா? நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்ன."

"பாத்தியா? இப்ப புரியுதா உனக்கு?"

"புரியுது."

அப்பத்தான் வாசல்ல இருந்த பெட்டி அவன் கண்ணுல பட்டுச்சு. அதுக்குப் பக்கத்துல என் தலகாணி, தையல் கூடை. தெருவுல லியோனோர் வண்டி வந்து நின்னுச்சு.

"எங்க போற?"

"வேலைக்கு."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழம."

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நான் மிஷின் முன்னாடி உக்காந்திருக்கணும். லைசென்ஸ் இல்ல. அந்த ஊருலேயே இருந்தாத்தான் முடியும்."

"நான்தான் கொண்டு விடறேன்னு சொன்னேனே."

"ஒரு வாரம்னு சொன்ன."

அவன் கோப்பையப் பாத்தான், பெட்டியப் பாத்தான். கொஞ்ச நேரம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தான். கண்ணு கலங்குற மாதிரி இருந்துச்சு. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். ஒரே ஒரு வார்த்த, "தப்புப் பண்ணிட்டேன்"னு சொல்லியிருந்தா நான் பெட்டியக் கீழ வச்சிருப்பேனோ என்னவோ.

"அப்போ எனக்கு யாரு சமைப்பாங்க?"ன்னு கேட்டான்.

சூப் இருக்கு, நாலு நாளைக்கு வரும்னு சொன்னேன். பெட்டியத் தூக்கினேன். லியோனோர் எறங்கி வந்து தலகாணிய வாங்கிக்கிட்டா. கோப்பைய மட்டும் ஒரு பார்வ பாத்தா. அவன் வாசப்படி வரைக்கும் வந்தான்.

"லைசென்ஸ் வாங்கினதும் வந்துடுவல்ல?"

"வாங்கினாப் பாக்கலாம்."

ஜூன் மாசம் வாங்கினேன். லியோனோர் வண்டியில, அவ பின்சீட்டுல ஜெபமால உருட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. மொதத் தடவையே பாஸ். ஆகஸ்டுல ஒரு பழைய வண்டி வாங்கினேன், கதவு ஒரு கலரு, மீதி ஒரு கலரு. அதுல கடற்கரைக்குப் போயிருக்கேன், பிராவிடன்ஸ் போயிருக்கேன், பாஸ்டன் நெரிசல்ல ரெண்டு மணி நேரம் திட்டு வாங்கிக்கிட்டே ஓட்டியிருக்கேன். நொர்பெர்ட்டோ வாரத்துக்கு ரெண்டு தடவ ஃபோன் பண்ணுவான். அங்கேர்ந்து இங்க இருபத்தஞ்சு நிமிஷம்தானே, இப்பத்தான் ஓட்டத் தெரியுமே, வாயேன்னு கூப்பிடுவான். தெரியும்தான். அந்தப் பக்கம் மட்டும் நான் இன்னும் ஒரு தடவகூட ஓட்டல.